பெருந்தொற்றுக் காலத்தில் கோழிப் பண்ணைத் தொழில்: நஷ்டம் வந்த வழி

கோழி வளர்ப்போர் நோயினால் நஷ்டமடைவது புதிதன்று. வெள்ளைக் கழிச்சல் என்று குடியானவர் கூறும் ராணிக்கெட் நோய் ஒரு கொட்டகையிற் புகுந்தால், சில தினங்களுக்குள் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிவதைக் கண்டவர் பலர். அம்மாதிரியான நஷ்டத்திற்குக் காரணம் கண்முன்னே கிடக்கும். தடுப்பூசி என்னும் பரிகாரமும் உண்டு. 2020-ம் வருஷத்தில் நேர்ந்த நஷ்டமோ வேறு வகைப்பட்டது. அவ்வருஷம் உலகமெங்கும் பரவிய கொரோனா நோய் மனிதரைப் பற்றியதேயன்றிக் கோழியைப் பற்றவில்லை. பறவைகள் வழக்கம்போல் தீனி தின்றன, வளர்ந்தன, முட்டையிட்டன. ஆயினும் அவற்றை வளர்த்தவர்களிற் பலர் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் போட்ட முதலையே இழந்தனர். நோயற்ற பறவையை வைத்திருந்தவர் எவ்வாறு நஷ்டமடைந்தார், ஒரே காலத்தில் ஒருவர்க்கு அதிகமாகவும் மற்றொருவர்க்குக் குறைவாகவும் நஷ்டம் நேர்ந்தது ஏன் என்பவற்றை ஆராய்தல், பண்ணை வைத்திருப்போர்க்கும் இனி வைக்க உத்தேசிப்போர்க்கும் பயன்படும்.

கோழி வளர்ப்பு வீட்டுப் பெண்டிரின் கைச்செலவுக்கு உதவும் சில்லறைத் தொழிலாயிருந்த காலம் மாறிவிட்டது. 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பறவைகள் 85.18 கோடி. அவற்றுள் 53.47 கோடி வியாபாரப் பண்ணைகளிலும், 31.71 கோடி புறக்கடைகளிலும் வளர்ந்தன. தமிழ்நாட்டில் மட்டும் 12.08 கோடி இருந்தன. எண்ணிக்கையில் இதுவே முதலிடம். முட்டைக்கு நாமக்கல்லும், கறிக்கோழிக்குப் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளும் பேர்பெற்றவை. நாமக்கல் முட்டை அன்றாடம் லாரிகளிற் கேரளத்துக்குச் செல்வதும், கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போவதும் யாவரும் அறிந்ததே. இவ்வளவு பெரிய தொழில், கொட்டகைக்கும் அடுப்பங்கரைக்கும் இடையிலுள்ள பாதை ஒருநாளும் அடைபடாது என்ற நம்பிக்கையின்மேல் நடந்துவந்தது.

வதந்தியும் விலையும்

2020 ஜனவரி 30-ந் தேதி கேரளத்துத் திருச்சூரில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அதற்குப் பின் சில வாரங்களுக்குள், கோழிக்கறி உண்டால் இந்நோய் வரும் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வாயிலாகக் கிராமந்தோறும் பரவிற்று. மத்திய சர்க்காரின் கால்நடைப் பராமரிப்பு இலாகா, கோழிக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமில்லை என்று பிப்ரவரியிலேயே அறிவித்தது. அம்மாத இறுதியில் ஹைதராபாத்தில் தெலங்கானா மந்திரிகள் மேடைமீது நின்று பொதுஜனங்கள் காணக் கோழிக்கறி உண்டு காட்டினர். ஜெர்மனியிலும் சீனாவின் ஹார்பின் நகரத்திலும் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையங்களில் கோழிகளுக்கு இக்கிருமியைச் செலுத்திப் பார்த்ததில், அவற்றை நோய் பற்றவில்லை என்பது அவ்வருஷத்திலேயே நிச்சயமாயிற்று. ஆனால் ஆராய்ச்சி முடிவு வெளிவருவதற்குள் வதந்தி தன் காரியத்தை முடித்துவிட்டது. மார்ச்சு முதல் வாரத்தில் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் கண்டது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுபோலாயிற்று. பறவைக் காய்ச்சல் வேறு, கொரோனா வேறு என்று பிரித்தறிந்து கறி வாங்கியவர் சிலரே.

உற்பத்திச் செலவு கிலோவுக்கு 70 ரூபாய்க்கு மேல் ஆகிய கறிக்கோழி, மார்ச்சு மாதத்திற் பண்ணை வாசலில் சில இடங்களில் 20 ரூபாய்க்கும் கீழே விலைபோயிற்று. கர்நாடகத்துப் பெலகாவி முதலிய ஜில்லாக்களில், தீனி போடவும் இயலாமல் விற்கவும் இயலாமல், உயிருள்ள பறவைகளையே குழியிலிட்டு மூடினர். மார்ச்சு 25-ந் தேதி முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, வதந்தியால் ஏற்கெனவே தளர்ந்திருந்த வியாபாரம் அடியோடு நின்றது. ஓட்டல்களும் கலியாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. சத்துணவுக்கென்று தவறாமற் சென்றுகொண்டிருந்த முட்டைக்கும் வழக்கமான வழி அடைபட்டது.

கறிக்கோழி காத்திராது

நெல்லும் பருத்தியும் விலை குறைந்தால் சில மாதம் வீட்டில் வைத்திருந்து விற்கலாம். மஞ்சளை வருஷக்கணக்கில் வைத்திருப்பவரும் உண்டு. கறிக்கோழியில் அவ்வழி இல்லை. நாற்பது நாளில் 2 கிலோ எடைக்கு வந்த பறவை அதன்பின் ஒவ்வொரு நாளும் முன்னிலும் அதிகமாகத் தின்னும். தின்ற தீனிக்குத் தக்க எடையோ முன்போல் ஏறாது. விலை உயருமென்று காத்திருப்போர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்காமையே பெருநஷ்டத்திற்கு வித்தாயிற்று. ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். இதிற் கண்ட தொகைகள் கணக்கின் பொருட்டு எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் பண்ணையின் செலவை அவ்விடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் தம் சொந்த முதலில் 5,000 பறவைகளை வளர்த்து, நாற்பதாம் நாளில் ஒவ்வொன்றும் 2 கிலோ எடையுள்ளதாக நிறுத்தியிருக்கிறார் என்று கொள்வோம். கிலோவுக்கு 75 ரூபாய் வீதம் அவர் செலவு ரூ. 7,50,000. அன்றைய விலை 40 ரூபாய். அன்றே விற்றால் வருவது ரூ. 4,00,000, நஷ்டம் ரூ. 3,50,000. மனம் பொறாமல் அவர் பத்து நாள் காத்திருக்கிறார். பறவை ஒன்றுக்கு 170 கிராம் வீதம் நாளொன்றுக்கு 850 கிலோ தீனி. கிலோ 32 ரூபாயானால் நாட்செலவு ரூ. 27,200. பத்து நாளில் ரூ. 2,72,000 சேர்ந்து, மொத்தச் செலவு ரூ. 10,22,000 ஆகின்றது. பறவை ஒன்று 700 கிராம் எடை கூடினால் விற்பனைக்கு 13,500 கிலோ உண்டு. விலை அதே 40 ரூபாயாக நின்றாலும் வரவு ரூ. 5,40,000, நஷ்டம் ரூ. 4,82,000. பத்து நாளுக்கு முன்னிருந்த நஷ்டத்தோடு சரியாக நிற்பதற்கே விலை ஏறக்குறைய 50 ரூபாய்க்கு உயர வேண்டும். அது 15 ரூபாய்க்கு இறங்கிவிட்டாலோ, நஷ்டம் ரூ. 8,00,000-க்கும் மேற்படும்.

இக்கணக்கில் வெயிலாற் செத்த பறவைகள் சேர்க்கப்படவில்லை. மார்ச்சு, ஏப்ரல் மாத உஷ்ணத்தில், பறவைக்கு ஒரு சதுர அடி வீதம் அளந்து விட்ட கொட்டகையில் மூன்று கிலோவை நெருங்கும் பறவைகள் நெருக்குண்டு நிற்கும்போது சாவு மிகுதியாகும் என்பது சொல்லவேண்டுவதில்லை. எடை மிகுந்த பறவையை வியாபாரிகள் குறைந்த விலைக்கே கேட்பர் என்பதும் கருதத்தக்கது. ஆகவே முதல் வாரத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, வந்த விலைக்கு விற்றுக் கொட்டகையைக் காலி செய்தவர் அன்று ஏமாளி போலத் தோன்றினாலும், கணக்கில் அவரே தேறினார்.

இதற்கு மாறாக, அவ்வருஷம் மே மாதத்தில் விலை எதிர்பாராத விதமாக ஏறிற்று. பல நகரங்களில் கோழிக்கறி கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றது. காத்திருந்தவர்க்கு இது அனுகூலமாயிற்றோ எனின், இல்லை. மார்ச்சு மாதப் பறவையை மே மாதம் வரை யாரும் வைத்திருக்க முடியாது. முட்டை பொரிய 21 நாளும், குஞ்சு வளர நாற்பது நாளும் ஆகும். எனவே இன்று பொரிப்பகத்தில் வைக்கும் முட்டையே இரண்டு மாதங் கழித்துச் சந்தைக்கு வரும் கறி. மார்ச்சு மாதத்திற் குஞ்சு வாங்குவாரின்றிப் பொரிப்பகத்தார் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்தமையால் மே மாதத்திற் சந்தை வறண்டது. அந்த விலையைக் கண்டவர், எல்லாரும் கொட்டகையை மூடிய ஏப்ரலிலே துணிந்து குஞ்சு விட்ட சிலரே. சந்தை விலையைப் பார்த்துக் குஞ்சு விடுதல் இரண்டு மாதம் பழைய செய்தியைப் படிப்பதற்கு ஒப்பாகும். அக்கம்பக்கத்துப் பொரிப்பகங்களிற் குஞ்சு எவ்வளவு இறங்குகின்றது என்று விசாரித்து நடப்பதே உசிதம்.

முட்டைப் பண்ணையின் நிலை

முட்டைக்கோழியின் சங்கடம் வேறு. அது ஒரே நாளில் விற்றுத் தீர்க்கும் சரக்கன்று. சுமார் 18 முதல் 20 வாரம் வரை தீனி கொடுத்து வளர்த்த பிறகே முட்டையிடத் தொடங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் பலன் தரும். ஆகையால் முட்டை விலை வீழ்ந்தது என்று இளங்கோழியைக் கழித்துவிட்டால் மறுபடி அந்நிலைக்கு வர ஐந்து மாதம் பிடிக்கும். கழிக்காவிட்டால் தினமும் தீனி போட்டாக வேண்டும்.

10,000 கோழிகள் நாளொன்றுக்கு 110 கிராம் வீதம் 1,100 கிலோ தீனி தின்னும். கிலோ 24 ரூபாயானால் செலவு ரூ. 26,400. நூற்றுக்கு எண்பது வீதம் 8,000 முட்டை கிடைத்தால், தீனிச் செலவு மட்டும் முட்டைக்கு ரூ. 3.30 ஆகிறது. நாமக்கல் மண்டலத்தில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை 2020 மார்ச்சு மாதத்தில் 3 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. பண்ணையாளர் கைக்கு அதுவும் முழுமையாக வரவில்லை. அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு தள்ளியே எடுப்போம் என்று வியாபாரிகள் கூறும் 'மைனஸ்' வழக்கம் அப்பகுதியாருக்குப் பழகியதே. சரக்குத் தேங்கிய நாளில் அந்த மைனஸ் வளரும். கைக்கு ரூ. 2.50 வந்ததாகக் கொண்டால் மேற்கண்ட பண்ணைக்கு நாளொன்றுக்குத் தீனியில் மட்டும் ரூ. 6,400 பற்றாக்குறை, மாதம் ஒன்றுக்கு ரூ. 1,92,000. கூலி, மின்சாரம், மருந்து, வட்டி யாவும் இதற்கு வெளியே நிற்பவை.

குளிர்பதனக் கிடங்கு கையெட்டும் தூரத்திலிருந்தவர் முட்டையைச் சில வாரம் நிறுத்திவைக்க முடிந்தது. மற்றவர்க்குச் சித்திரை வெயிலில் அதற்கும் இடமில்லை. முட்டையிட்டு ஓய்ந்த முதுகோழிகளைக் கறிக்கு விற்கும் வழக்கமான வழியும் அப்போது அடைபட்டிருந்தது. ஆனால் வீட்டில் அடைபட்டிருந்த ஜனங்கள், மற்றப் பண்டங்கள் அகப்படாத காலத்தில் முட்டையை நாடத் தொடங்கியதால், கறிக்கோழியிலும் முட்டை முன்னதாகவே சீர்ப்பட்டது என்பதையுங் குறிப்பிட வேண்டும்.

ஒப்பந்தக் கோழி வளர்ப்போர்

கொங்குநாட்டிற் கறிக்கோழி வளர்ப்போரிற் பெரும்பாலார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியாருடையவை. கொட்டகையும் உழைப்பும் மின்சாரமும் குடியானவருடையவை. வளர்த்துக் கொடுத்த எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. பறவை தம்முடையது அல்லாமையால் விலை வீழ்ச்சி இவர்களை நேரே தாக்கவில்லை. இதனைக் கண்டு, ஒப்பந்த முறை ஆபத்தற்றது என்று முடிவு கட்டியோர் உண்டு. அம்முடிவு முழுதும் சரியன்று. கம்பெனியார் குஞ்சு விடுவதை நிறுத்தியபோது கொட்டகை வெறுமையாக நின்றது. வெறுங் கொட்டகைக்குக் கூலி கிடையாது. வருஷத்திற்கு ஆறு தொகுதி குஞ்சு இறங்க வேண்டிய இடத்தில் நான்கே இறங்கினால், வரவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 5,000 பறவைக் கொட்டகைக்குக் கிலோவுக்கு 6 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தொகுதிக்கு ரூ. 60,000 மொத்த வரவு. இரண்டு தொகுதி தவறினால் ரூ. 1,20,000 இல்லை. கொட்டகை கட்ட வாங்கிய பாங்குக் கடனோ நிற்காது நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன், கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், வருஷத்திற்கு எத்தனை தொகுதி விடுவதாக உறுதி சொல்லுகிறார்கள், இரண்டு தொகுதிகளுக்கு இடையில் இத்தனை நாளுக்கு மேற் கொட்டகை காலியாக இருந்தால் ஏதேனும் தருவார்களா, பறவையை எடுக்கத் தாமதித்தால் அந்நாட்களின் சாவு யார் கணக்கில் சேரும் என்பவற்றை எழுத்திற் கேட்டு வாங்குதல் வேண்டும். வாய்மொழி உறுதி 2020-ல் எவர்க்கும் கைகொடுக்கவில்லை.

புறக்கடையில் இருபது முப்பது நாட்டுக்கோழி வைத்திருந்தோர் இந்த அமளியில் ஏறக்குறைய ஒன்றும் இழக்கவில்லை. சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் தின்று வாழும் பறவைக்கு ரொக்கச் செலவு சொற்பம். விற்காவிட்டால் அது கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கும். இதனால் யாவரும் நாட்டுக்கோழிக்குத் திரும்ப வேண்டும் என்பது கருத்தன்று. நகரங்களுக்கு வேண்டிய முட்டையையும் கறியையும் புறக்கடையிலிருந்து மட்டும் கொடுக்க இயலாது. காத்திருக்கும் சக்தி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

மக்காச்சோளம் பயிரிடுவோர்க்கு

கோழி வளர்க்காத குடியானவர் இச்செய்தி தமக்கன்று என்று எண்ணலாகாது. அந்நாளில் இந்தியாவில் விளைந்த மக்காச்சோளத்தில் ஏறத்தாழப் பாதி கோழித்தீனிக்கே சென்றது. முந்திய இரண்டு வருஷங்களிற் படைப்புழுவினால் விளைச்சல் குன்றி விலை ஏறியிருந்த மக்காச்சோளம், கொட்டகைகள் காலியானதும் கேட்பாரற்றுப் போயிற்று. 2019-20-ம் வருஷத்துக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 1,760 ரூபாய். 2020 கோடையிற் பீஹார் குடியானவர் தம் மக்காச்சோளத்தை அதற்கு வெகு கீழே விற்க நேர்ந்தது. பெரம்பலூர் முதலிய மானாவாரிச் சீமைகளில் ஒரே தானியத்தை நம்பி முழு நிலத்தையும் விதைப்போர், தம் விளைவின் விலை நாமக்கல் கொட்டகைகளின் நிலையைப் பொறுத்தது என்பதை விதைப்புக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். தீனிக்காரர் ஒருவரையே நம்பாமல் இரண்டு மூன்று இடத்துக்குச் சரக்குக் கொடுத்துப் பழகியவர்க்குத் தொல்லை குறைவு.

மறு வருஷம் தராசு மறுபுறம் சாய்ந்தது. 2021 ஜனவரியிற் கேரளத்து ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் வாத்துக்களிடையே பறவைக் காய்ச்சல் கண்டு முட்டை விலை மீண்டும் இறங்கிற்று. அதன்பின் சோயாப் பிண்ணாக்கு சில மாதங்களுக்குள் இரட்டிப்புக்கு மேல் விலையேறி, அவ்வருஷம் ஆகஸ்டில் 12 லட்சம் டன் வரை வெளிநாட்டுப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய சர்க்கார் அனுமதி கொடுக்க நேர்ந்தது. 2020-ல் விலை வீழ்ச்சியால் இளைத்த பண்ணைகளிற் சில, 2021-ன் தீனி விலையைத் தாங்கமாட்டாமல் மூடப்பட்டன.

கடன், காப்பீடு, கிராமக் கணக்கு

கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் பாங்கு 2020 மார்ச்சு 1-ந் தேதி முதல் மூன்று மாதமும், பின்னர் ஆகஸ்டு 31 வரையும் இடங்கொடுத்தது. இது மன்னிப்பென்று எண்ணிய குடியானவர் பலர். தள்ளியது தவணை மட்டுமே. வட்டி நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. கையிற் பணமிருந்தும் தவணையைத் தள்ளியவர் வீணே கடனை வளர்த்தார். தீனிக்குக் கூடப் பணமில்லாதவர்க்கு அது உயிர் கொடுத்தது. கால்நடை வளர்ப்போர்க்கும் கிஸான் கடன் அட்டை 2019 முதல் விரிவாக்கப்பட்டிருப்பதால், தீனிச் செலவுக்கு வெளிக்கடன் வாங்குமுன் அதனைப் பற்றிப் பாங்கில் விசாரித்தல் நலம்.

பறவைக் காய்ச்சல் கண்ட இடத்திற் சர்க்கார் ஆணையின்படி அழிக்கப்படும் பறவைகளுக்கு ஈட்டுத்தொகை உண்டு. விலையில்லாமையால் உரியவரே குழியிலிட்ட பறவைகளுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. காப்பீடும் சாவுக்கும் விபத்துக்குமே ஏற்பட்டது. விலை வீழ்ச்சிக்கு அன்று. ஆகையால் கொட்டகைக்குத் தீ வைத்தாற்போன்ற அந்த மார்ச்சு மாத நஷ்டத்திற்கு எதிரே பண்ணையாளர் வைத்திருக்கக்கூடிய காப்பு, தம் கைம்முதல் ஒன்றே. ஒரு தொகுதிக்கு வேண்டிய தீனிச் செலவில் பாதியையேனும் நல்ல வருஷத்து லாபத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்தவர், 2020 ஏப்ரலில் வியாபாரியிடம் முன்பணம் கேட்டு நிற்கவில்லை.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரடங்கில் கால்நடைத் தீனி முதலிய சரக்குகளுக்கு விலக்களிக்கும் ஆணைகள் வந்தும், சோதனைச் சாவடிகளில் தீனி லாரிகளும் முட்டை லாரிகளும் நிறுத்தப்பட்டன. ஆணை மேலே இருந்தது. சாவடியில் நின்றவர்க்கு எந்தப் பண்ணை எங்கேயிருக்கிறது, அங்கே எத்தனை பறவை, நாளொன்றுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று சொல்வாரில்லை. இவ்விவரங்கள் கிராம நிர்வாக அலுவலர் கையில் ஒரு தாளில் இருந்தால் அனுமதிச் சீட்டு வாங்குவது அரைநாள் வேலை. இல்லையேல் கொட்டகையிற் பறவைகள் பட்டினி கிடக்க, உரியவர் தாலுகாக் கச்சேரிக்கும் வீட்டுக்குமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பண்ணைக்கும் உரியவர் பெயர், சர்வே நெம்பர், கொட்டகையின் அளவு, பறவையின் வகையும் எண்ணிக்கையும், தீனி வரும் ஊர், சரக்குப் போகும் ஊர், பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஆகியவற்றை எழுதி, வருஷத்திற்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். பறவைக் காய்ச்சல் எல்லைக்கு அப்பால் தோன்றும்போது எந்தக் கொட்டகைக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதையும் அந்தத் தாளே சொல்லும்.